கல்லில் வெட்டப்பட்ட முறையீடு

நண்பர்களின் தேறுதலில் தனக்கு நீதி இல்லை என்று கண்ட யோபு, தன் சொற்கள் ஏட்டில் எழுதப்பட்டால் போதாது, இரும்புக் கருவியால் பாறையில் வெட்டப்பட்டு ஈயம் வார்க்கப்பட வேண்டும் என்று ஏங்குகிறான். பத்தொன்பதாம் அதிகாரத்தின் இப்பகுதியை நாம் பெரும்பாலும் அடக்க ஆராதனையிலேயே வாசிக்கிறோம். ஆகவே அதனை உயிர்த்தெழுதலின் நம்பிக்கைக்கு மட்டுமே உரிய பகுதியாகக் கருதிப் பழகிவிட்டோம். உண்மையில் அது ஒரு வழக்காளியின் மனு. தான் இறந்த பின்னும் தன் வழக்கு முடிந்துவிடலாகாது என்பதே அவனுடைய கவலை.

அத்தகைய கல் ஒன்று அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் உள்ளது. 1807இல் தொடங்கப்பட்டதும், எபிஸ்கோப்பல் திருச்சபையின் கிறிஸ்து ஆலயத்துக்கு உரியதுமான காங்கிரஸ் கல்லறைத் தோட்டத்தில், விமானப்படை சார்ஜன்ட் லெனார்ட் மட்லோவிச் 1988இல் அடக்கம் செய்யப்பட்டார். தலைக்கல்லை அவரே முன்னதாகத் திட்டமிட்டு வைத்திருந்தார். அதில் அவர் பெயர் இல்லை. ஒருபால் ஈர்ப்புள்ள வியட்நாம் போர்வீரர் ஒருவர் என்று மட்டுமே உள்ளது. அதன் கீழ், படையில் இருந்த காலத்தில் இரண்டு பேரைக் கொன்றதற்காகத் தமக்குப் பதக்கமும், ஒருவரை நேசித்ததற்காகப் பணிநீக்கமும் கிடைத்தன என்னும் பொருள்பட ஒரு வாக்கியம் வெட்டப்பட்டிருக்கிறது. அவ்வாக்கியத்தையும், அதனோடு இணைத்து வாசிக்கத்தக்க இரண்டு வழக்குகளையும் இறையியல் நோக்கில் மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம். லேவியராகமம், ரோமர் முதல் அதிகாரம் ஆகியவற்றின் பொருள்கோள் பற்றி நம்முள் கருத்து வேற்றுமை உண்டு என்பதை நான் அறிவேன். அவ்விவாதத்தை இங்கு நடத்தப் போவதில்லை. அதை முதலில் முடித்துவிட்டுத்தான் இந்த மனிதர்களின் குரலைக் கேட்க வேண்டும் என்ற நிபந்தனையை மட்டும் ஏற்க மறுக்கிறேன்.

மட்லோவிச் வியட்நாமில் மூன்று முறை பணியாற்றியவர். கண்ணிவெடியில் காயமுற்றவர். படைப்பிரிவுகளில் இன நல்லுறவு வகுப்புகள் நடத்தியவர். தெற்கு மாநிலத்துச் சூழலில் கறுப்பரைப் பற்றித் தாம் கொண்டிருந்த வெறுப்பைக் களைந்த பின்னரே அவ்வகுப்புகளை ஏற்றார் என்பது கவனிக்கத்தக்கது. 1975 மார்ச் 6ஆம் நாள், தாம் ஒருபால் ஈர்ப்புள்ளவர் என்றும், விதிகள் எவ்வாறிருப்பினும் படைப்பணிக்குத் தாம் தகுதியுள்ளவர் என்றும் எழுதிய கடிதத்தைத் தம் மேலதிகாரியிடம் கொடுத்தார். எவரும் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. தம்மைத் தாமே வெளிப்படுத்தினார். அவ்வாண்டு செப்டம்பரில் லாங்லி விமானதளத்தில் விசாரணைக் குழு கூடியது. அக்டோபரில் அவர் விடுவிக்கப்பட்டார்.

விசாரணையின்போது படைத்தரப்பு வழக்கறிஞர் ஒரு வழியைக் காட்டினார். இனி ஒருபோதும் அவ்வாறு நடப்பதில்லை என்று எழுதிக் கையொப்பமிட்டால் பணியில் நீடிக்கலாமா என்று கேட்டார். மட்லோவிச் மறுத்தார். திருச்சபை வரலாறு பயின்ற எவருக்கும் இக்காட்சி புதிதன்று. ஒரு சிட்டிகை தூபம் போட்டால் போதும், வீட்டுக்குப் போகலாம் என்று ரோம ஆளுநர்கள் இரத்தசாட்சிகளிடம் கூறியது ஒரு வகையில் பரிவுதான். இரு நிகழ்ச்சிகளையும் ஒன்றாக்க நான் விரும்பவில்லை; மட்லோவிச் விசுவாசத்துக்காக விசாரிக்கப்படவில்லை. ஆயினும் அதிகாரம் எவ்வாறு பேசுகிறது என்பதில் ஒற்றுமை உண்டு. அதற்கு வேண்டியது குற்றவாளியின் தண்டனை அன்று, அவனுடைய கையொப்பம். பொய்யொன்று தாளில் ஏறிவிட்டால், அதன் பின் உண்மை எதுவாயினும் அதிகாரத்துக்குக் கவலையில்லை. படை அவரை விடுவித்த அதே காலத்தில், அவர் சேர்ந்திருந்த மோர்மன் சபையும் அவரைச் சபைநீக்கம் செய்தது. படைநீக்கத்தை எதிர்த்து அவர் நீதிமன்றம் போக முடிந்தது; சபைநீக்கத்தை எதிர்த்து எந்த இராயனிடம் போவது?

'இராயன்' என்ற சொல்லை வேண்டுமென்றே எழுதினேன். பவுல் பெஸ்துவின் முன் நின்று தன் வழக்கை ரோமுக்குக் கொண்டுபோகக் கேட்டதை, நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு 'அபயமிடுதல்' என்ற சொல்லால் கூறுகிறது. இன்றைய நீதிமன்றத் தமிழில் இது 'மேல்முறையீடு'. பழைய சொல்லே மூலத்துக்கு அணுக்கமானது என்பது என் எண்ணம். அங்குள்ள கிரேக்க வினைச்சொல்லையே லூக்கா ஆண்டவரின் நாமத்தைத் தொழுது கூப்பிடுதலுக்கும் ஆளுகிறார். நீதிமன்றத்தை நோக்கிய கூப்பாடும் கடவுளை நோக்கிய கூப்பாடும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. மேல்முறையீடு என்பது தாளும் முத்திரையும் கட்டணமும் கொண்ட நடைமுறை. அபயமிடுதல் என்பது அஞ்சியவன் காப்பைத் தேடிக் குரலெழுப்புதல். படைநீக்க வழக்குகளை முதற் பொருளில் மட்டும் வாசிப்பவர்கள் பாதியையே வாசிக்கிறார்கள்.

பெஸ்துவின் இக்கட்டும் இங்கு நினைவுகூரத்தக்கது. கைதியை இராயனிடம் அனுப்ப வேண்டும். ஆனால் என்ன குற்றம் என்று எழுதுவது? குற்றத்தைக் குறிப்பிடாமல் கைதியை அனுப்புவது அறிவுக்கு ஒவ்வாதது என்று அவனே அகிரிப்பாவிடம் ஒத்துக்கொள்கிறான் (அப். 25). 1978 டிசம்பரில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் மட்லோவிச் வழக்கில் சொன்னது ஏறத்தாழ இதுவே. மிகவும் அரிய சூழ்நிலைகளில் இத்தகையோரையும் பணியில் வைத்துக்கொள்ளலாம் என்று விமானப்படையின் விதியே இடம் கொடுத்திருந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் சிறப்பாகப் பணிபுரிந்த இவருக்கு அந்த விதிவிலக்கு ஏன் பொருந்தாது என்பதற்குக் காரணம் காட்டப்படவில்லை. ஆகவே காரணம் சொல்லுங்கள் என்றது நீதிமன்றம். காரணம் வரவில்லை. 1980 செப்டம்பரில் நீதிபதி கெசல் அவரை மீண்டும் பணியில் அமர்த்த ஆணையிட்டார். விமானப்படை பணம் கொடுத்து வழக்கைத் தீர்க்க முன்வந்தது. 1,60,000 டாலர் பெற்றுக்கொண்டு மட்லோவிச் விலகினார். திரும்பிப் போனால் வேறொரு காரணம் கண்டுபிடிக்கப்படும் என்று அவர் கருதினார். இதைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஆயினும் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். தடை சரியா தவறா என்ற கேள்விக்கு ஐந்தாண்டு வழக்கில் விடை கிடைக்கவில்லை.

இனிக் கல்லறை வாக்கியத்துக்கு வருவோம். அதன் ஆற்றல் முரணில் இருக்கிறது. கொலைக்கு மதிப்பும் அன்புக்கு இகழ்ச்சியும் தரும் அரசின் கணக்கேட்டை ஒரே வரியில் திறந்து காட்டுகிறது. தீர்க்கதரிசிகளின் நடை இது. தீமையை நன்மையென்றும் நன்மையைத் தீமையென்றும் பெயரிடுவோரைக் குறித்து ஏசாயா பேசும் தொனி இதில் கேட்கிறது. அமெரிக்கப் பேச்சாளர்கள் பலர் இவ்வாக்கியத்தைப் போர் எதிர்ப்பு வாசகமாகவே எடுத்தாள்கின்றனர். அது பொருந்துமா என்பது ஐயத்துக்குரியது. மட்லோவிச் தம் படையை வெறுத்தவர் அல்லர். அவர் கேட்டது அப்படையில் இடம். கொல்லும் தொழிலுக்குத் திரும்பும் உரிமைக்காகவே அவர் அபயமிட்டார் என்று ஒருவர் சொன்னால், அது கடுமையான கூற்றாயினும் பொய்யன்று.

கல்லைக் குறித்து எனக்குள்ள பெரிய குறை வேறு. வாக்கியத்தில் மூவர் குறிக்கப்படுகின்றனர்: கொல்லப்பட்ட இருவர், நேசிக்கப்பட்ட ஒருவர். கொல்லப்பட்ட இருவரும் காவற்பணியின்போது அவரால் சுடப்பட்ட வியட்நாமியர். அவர்கள் அங்கே ஓர் எண்ணாக நிற்கின்றனர். 'ஒன்று' என்பதை உயர்த்திக் காட்ட 'இரண்டு' தேவைப்பட்டது, அவ்வளவே. தாய்க்குப் பிள்ளையாய், ஊருக்கு உறவாய் இருந்த இருவர் இன்னொருவரின் வழக்கில் சான்றாக்கப்பட்டனர். ஆபேலின் இரத்தம் மண்ணிலிருந்து கூப்பிடுகிறது என்று கற்றவர்கள் இக்கல்லின் முன் நிற்கும்போது, அதில் எழுதப்படாத முறையீடு ஒன்றும் உண்டு என்பதை மறக்கலாகாது. இக்குறை அவருடைய வழக்கின் நியாயத்தைக் குறைப்பதில்லை. முறையிடுகிறவன் குற்றமற்றவனாக இருந்தால்தான் அவன் முறையீடு கேட்கப்படும் என்றால் சங்கீதப் புத்தகத்தில் பாதியை நாம் கிழித்தெறிய வேண்டும்.

மட்லோவிச்சின் வழக்கோடு சேர்த்தே அதே நீதிமன்றம் கடற்படையின் இளம் அதிகாரி வெர்னன் பெர்க்கின் வழக்கையும் தீர்த்தது. 1974இல் அன்னாபொலிஸ் கடற்படைக் கல்விக்கழகத்தில் தேறிய பெர்க், இத்தாலியைத் தளமாகக் கொண்ட கப்பலொன்றில் பணிபுரிகையில் விசாரிக்கப்பட்டார். 1976இல் நார்போக்கில் நடந்த விசாரணையில் அவருக்காகச் சாட்சி கூறியவர்களுள் அவருடைய தந்தையும் ஒருவர். அவர் அதே கடற்படையின் சேப்ளன். நம் வாசகர்கள் இங்குச் சற்று நிற்க வேண்டும். அப்சலோமின் மரணத்தில் தாவீது அழுதபோது யோவாப் அவனைக் கடிந்துகொண்டான். அரசன் அழுதால் படையின் மனவுறுதி குலையும் என்பது அவன் வாதம். படையின் வாதம் மூவாயிரம் ஆண்டுகளில் அதிகம் மாறவில்லை. தாவீது எழுந்து வாயிலில் போய் உட்கார்ந்தான். தந்தை அரசனுக்கு அடங்கினான். பெர்க்கின் தந்தையோ சம்பளம் கொடுக்கும் படையின் குழுவுக்கு முன்னே மகனின் பக்கம் நின்றார். பெர்க்குக்கு முதலில் கண்ணியமற்ற வகையிலான விடுவிப்பே தரப்பட்டது; 1977இல் அது கண்ணியமான விடுவிப்பாக உயர்த்தப்பட்டது. தந்தையின் சாட்சி அதற்கு எவ்வளவு உதவிற்று என்று அளக்க இயலாது. ஆயர் பணியில் நாம் செய்கிற பலவற்றையும் அவ்வாறே அளக்க இயலாது.

மூன்றாவது, பெர்ரி வாட்கின்ஸின் வழக்கு. இதை இறையியல் மாணவர்கள் தனியே எடுத்துப் பயில வேண்டும் என்பேன். வாட்கின்ஸ் கறுப்பினத்தவர். 1967இல் கட்டாயப் படைச் சேர்ப்புக்காக டகோமாவில் மருத்துவச் சோதனைக்குப் போனபோது, ஒருபால் ஈர்ப்பு உண்டா என்ற வினாவுக்கு உண்டு என்றே குறித்தார். தரைப்படை தெரிந்தே அவரைச் சேர்த்துக்கொண்டது. வியட்நாம் போருக்கு ஆள் வேண்டியிருந்த காலம் அது. பின்னர் விசாரித்தது, விட்டுவிட்டது. 1975இல் அதிகாரிகள் குழுவொன்று அவரைப் பணியில் வைத்துக்கொள்ளலாம் என்று ஒருமனமாய் முடிவு செய்தது. மீண்டும் மீண்டும் பணி ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. ஓய்வூதியத்துக்கு இருபது ஆண்டுகள் வேண்டும். அதற்குச் சில ஆண்டுகளே எஞ்சியிருந்தபோது படைக்கு அவர் யாரென்று திடீரென நினைவுக்கு வந்தது. 1984இல் அவர் வெளியேற்றப்பட்டார்.

1988 பிப்ரவரியில் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூவர் அமர்வு, படையின் தடையே சமத்துவக் கோட்பாட்டுக்கு முரணானது என்றது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி நாரிஸ். மற்ற வீரர்களின் அருவருப்பு படையின் ஒற்றுமையைக் கெடுக்கும் என்ற வாதத்தை அவர் ஏற்கவில்லை. பிறரின் தப்பெண்ணத்துக்குச் சட்டம் வலுவூட்டலாகாது என்று முன்னர் இனப்பாகுபாட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியதை எடுத்துக்காட்டினார். இங்கு அந்தியோகியாவின் பந்தி நினைவுக்கு வருகிறது. விருத்தசேதனக்காரருக்குப் பயந்து பேதுரு புறவினத்தாருடன் உண்பதிலிருந்து விலகினான். பேதுருவுக்குத் தனிப்பட்ட வெறுப்பு இல்லை. பிறர் வெறுப்பார்களே என்ற அச்சம் மட்டுமே. அந்த அச்சத்தைப் பவுல் சபை ஒற்றுமையின் பெயரால் மன்னிக்கவில்லை. முகத்துக்கு நேராய் எதிர்த்தான்.

ஆனால் அத்தீர்ப்பு நிலைக்கவில்லை. 1989 மே மாதம் அதே நீதிமன்றத்தின் பெரிய அமர்வு அதை விலக்கிவிட்டு, அரசியலமைப்புக் கேள்வியைத் தொடாமல், வாட்கின்ஸுக்கு மட்டும் நிவாரணம் வழங்கியது. காரணம், சட்டத்தார் 'முரண்தடை' என்று வழங்கும் கோட்பாடு. ஒருவரைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டு, அவருடைய உழைப்பைப் பல்லாண்டு பெற்று, அவர் தம் வாழ்வை அதை நம்பி அமைத்துக்கொண்ட பின்பு, முதலிலிருந்தே தெரிந்த ஒன்றைக் காட்டித் தள்ளிவிடுவது ஏற்கத்தக்கதன்று என்பதே அதன் சாரம். 1990 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அரசின் மனுவை ஏற்க மறுத்தது. 1991இல் வாட்கின்ஸுக்கு 1,35,000 டாலர், பதவி உயர்வு, கண்ணியமான விடுவிப்பு, முழு ஓய்வூதியம் ஆகியவை கிடைத்தன. 1996இல் அவர் இறந்தார்.

உரிமை இயக்கத்தினர் பலர் முதல் தீர்ப்பைப் போற்றி இரண்டாவதைச் சட்ட நுணுக்கம் என்று ஒதுக்குகின்றனர். ஒருவர் தப்பினார், கதவு அடைபட்டது என்பது அவர்கள் வாதம். நானும் நெடுநாள் அவ்வாறே எண்ணினேன். இப்போது அப்படி எண்ணவில்லை. திருமறையில் நீதி என்பது பெரும்பாலும் உடன்படிக்கைக்கு உண்மையாயிருத்தல். தனக்கு நஷ்டம் வரினும் ஆணையிட்டதை மாற்றாதவனைப் பதினைந்தாம் சங்கீதம் கூடாரத்தில் தங்கத்தக்கவனாகக் காட்டுகிறது. முரண்தடை என்ற கோட்பாட்டின் உள்ளீடு இதுவே. சமத்துவக் கோட்பாடு குடிமக்கள் யாவரையும் நோக்கிப் பேசுகிறது. முரண்தடையோ அழைத்தவனை நோக்கி, நீ அழைத்தாயே என்று பேசுகிறது. படையைவிடத் திருச்சபைக்கே இக்கேள்வி கூர்மையானது. குழந்தையாய் ஞானஸ்நானம் கொடுத்தோம், திடப்படுத்தினோம், பாடகர் குழுவிலும் ஓய்வுநாள் பள்ளியிலும் இருபது முப்பது ஆண்டுகள் உழைப்பைப் பெற்றோம், காணிக்கையை எண்ணி வாங்கினோம். அவர் யாரென்று ஊருக்குத் தெரியும், ஆயருக்கும் தெரியும், எவரும் வாய் திறக்கவில்லை. பின்பு யாரோ ஒரு புகார் மனு எழுதியவுடன், உன்னை அறியோம் என்று சொல்ல நமக்கு உரிமை எங்கிருந்து வருகிறது? இது பாலியல் பற்றிய நம் கொள்கையை முடிவு செய்வதற்கு முன்பே எழும் கேள்வி. கொள்கையில் மிகவும் பழமைப்பற்றுள்ள ஆயரும் இதற்கு விடை சொல்லியாக வேண்டும்.

அக்கோட்பாட்டின் குறையையும் மறைக்கக் கூடாது. அது முதல் நாளிலேயே உண்மை சொன்னவனை மட்டுமே காக்கிறது. அஞ்சி மறைத்தவனுக்கு அதில் இடமில்லை. மறைக்கும்படி செய்ததோ படையே. 1993இல் இயற்றப்பட்டு, 'கேட்காதே, சொல்லாதே' என்று பேச்சுவழக்கில் பெயர்பெற்ற சட்டம் அந்த மறைத்தலையே பணியின் நிபந்தனையாக்கிற்று. 2011 செப்டம்பர் 20இல் அது முடிவுக்கு வருமுன் பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதன் கீழ் நீக்கப்பட்டனர். பேதுரு மறுதலித்ததற்கு அழுதான். இங்கு மறுதலித்தல் சட்டத்தால் கோரப்பட்டது, மறுதலிக்காதவன் தண்டிக்கப்பட்டான்.

விடுவிப்புச் சான்றைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது கண்ணியமானதும் அல்ல, கண்ணியமற்றதும் அல்ல என்ற வகையில் நீலநிறத் தாளில் விடுவிப்பு வழங்கினர். ஒருபால் ஈர்ப்புள்ளோரும் கறுப்பினத்தவரும் இதனால் மிகுதியும் தாக்குண்டனர். 1941 டிசம்பர் முதல் 1945 ஜூன் வரை தரைப்படை வழங்கிய 48,603 நீலச் சீட்டுகளில் 10,806 கறுப்பினத்தவருக்குப் போயின. நீலச் சீட்டுக்காரருக்குப் படைவீரர் நலத்துறை உதவிகளை மறுத்தது. வேலை கேட்டுப் போன இடமெல்லாம் தாளின் நிறமே பேசிற்று. பாளயத்துக்குப் புறம்பே அனுப்பப்பட்ட குஷ்டரோகி தன்னைத் தானே அறிவிக்க வேண்டியிருந்தது போல, இவர்கள் கையிலிருந்த தாள் இவர்களை அறிவித்தது.

2011க்குப் பின் சான்றைத் திருத்தக் கோரலாம் என்று வழி ஏற்பட்டது. ஒவ்வொருவரும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். பழைய ஆவணங்களைத் தேடித் தர வேண்டும். திருத்தப்படும் சான்றில், நீக்கத்துக்குக் காரணம் கூறும் இடத்தில் 'செயலரின் அதிகாரம்' என்ற தொடர் இடப்படுகிறது. அத்தொடர் எதையும் கூறுவதில்லை. தழும்பு நீக்கப்படுகிறது, தவறியவர் யார் என்பது எழுதப்படுவதில்லை. 2024 அக்டோபரில், விண்ணப்பிக்காதவர்களின் கோப்புகளையும் தானே எடுத்து ஆராய்ந்து, எண்ணூறுக்கும் மேற்பட்டோரின் சான்றுகளை உயர்த்தியதாகப் பாதுகாப்புத் துறை அறிவித்தது. பிரிட்டனில் ஸ்மித், கிரேடி ஆகியோரின் வழக்கில் 1999இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் அடுத்த ஆண்டே தடை நீங்கிற்று. ஆனால் பிரதமர் நாடாளுமன்றத்தில் அரசின் சார்பாக மன்னிப்புக் கேட்க 2023 ஜூலை வரை ஆயிற்று. தாமதமாயினும் அங்கே ஒரு வாய் திறந்து தவறு என்று சொன்னது. பாவ அறிக்கையின் இறையியலைக் கற்பிக்கிற நமக்கு இவ்விரு முறைகளுக்கும் உள்ள வேறுபாடு புலப்படாமல் போகாது.

நம் நாட்டில் 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவை வயது வந்தோர் இசைவுடன் கொள்ளும் உறவைப் பொறுத்தவரை செல்லாததாக்கியது. 1950ஆம் ஆண்டுத் தரைப்படைச் சட்டமோ தனித்து நிற்பது. படையினரின் அடிப்படை உரிமைகளை வரையறுக்க அரசியலமைப்பின் 33ஆம் பிரிவு நாடாளுமன்றத்துக்கு இடமளிக்கிறது. அதை விரிவாக ஆராய்வது சட்டம் கற்றவர் வேலை. நம் சபைகளில் படையிலிருந்து ஓய்வுபெற்றோர் பலர் உள்ளனர். அவர்களுள் விடுவிப்புச் சான்றைப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருப்பவர் எவரேனும் இருந்தால், அவர் அதை முதலில் தம் ஆயரிடம் காட்டத் துணிவாரா என்பது நம் வேலை.

வாஷிங்டன் கல்லறைத் தோட்டத்தில் மட்லோவிச்சின் கல் இன்று தனித்து நிற்கவில்லை. படையில் பணிபுரிந்தவர்களும் அல்லாதவர்களுமாய் ஒருபால் ஈர்ப்புள்ளோர் பலர் அதன் அருகே தமக்கென இடம் வாங்கியுள்ளனர். அவர்களில் சிலர் தம் கற்களில் பெயரையும் வெட்டியிருக்கின்றனர்.